மூடிய அரங்கில் 600 பேர் கூடுகிறார்கள்: மாஸ்க் போட்டுக்கொண்டு போவதா, வேண்டாமா?

ஆம்பல்:

எல்லோருக்கும் வணக்கம். சில நாளாக மனதைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம் இது. அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. போன வியாழன் இரண்டாவது சுற்று முடிந்தது, மூன்றாவது சுற்றுக்கு இன்னும் பதினேழு நாள். நடுவில் வரும் ஞாயிறு மாலை சித்தப்பா மகளின் திருமண வரவேற்பு. நானும் அவளும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். போகாமல் இருக்க எனக்கு மனம் வராது.

அரங்கம் முழுக்க ஏசி, ஜன்னல் எல்லாம் மூடியே இருக்கும். 600 பேர் வருவார்கள் என்கிறார்கள். குறைந்தது மூன்று மணி நேரம் நான் உள்ளே இருந்தாக வேண்டும்.

முதல் சுற்றுக்குப் பிறகே, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அம்மாவுக்கு ரொம்ப இறங்கிவிட்டன. "38 டிகிரி காய்ச்சல் அடித்தால் நடு இரவானாலும் கிளம்பி வந்துவிடுங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் அம்மாவும் நானும்தான். எனக்குச் சளி பிடித்தால் மூன்று நாள் தொல்லை, அவ்வளவுதான். அது அவளிடம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

மாஸ்க் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். "கல்யாணத்தில் முகத்தை மூடிக்கொண்டு நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள், உனக்குத்தான் ஏதோ நோய் என்று பேசுவார்கள்" என்றார். அம்மாவோ, "எனக்காக நீ எதையும் மறைக்க வேண்டாம், போய்ச் சிரித்த முகமாக நில்" என்கிறாள்.

இப்போதும் மாஸ்க்கில் பலன் இருக்கிறதா? யாருமே போடாத கூட்டத்தில் நான் ஒருத்தி போட்டால் என்ன மிஞ்சும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

ஆம்பல், நான் புற்றுநோய் வார்டில் வேலை செய்யும் செவிலியர். முதலில் உங்கள் நாள்கணக்கைப் பாருங்கள். வியாழனன்று மருந்து ஏறியிருக்கிறது என்றால் ஞாயிறு பத்தாவது நாள். பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு 7 முதல் 14 நாளுக்குள்தான் வெள்ளையணுக்கள் அடிமட்டத்தைத் தொடும். நீங்கள் கூட்டத்துக்குப் போய்வரும் நாளும் அம்மாவின் உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும் நாளும் ஒன்றாக வந்து விழுந்திருக்கின்றன. வேறு வாரமாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். இந்த ஞாயிறு போடுங்கள்.

ஒருத்தி போட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாஸ்க், எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காதில் மாட்டும் நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் என்றால் கன்னத்தின் இரு பக்கமும் திறந்த வாசல்தான். மூச்சை இழுக்கும்போது காற்று முழுவதும் துணி வழியாக வராது, எளிதான வழியைத் தேடி இடுக்கு வழியாகவும் வரும். எதிரில் இருப்பவர் போட்டிருந்தால் அது அவர் தும்மலையும் இருமலையும் தடுக்கும். சுற்றிலும் யாருமே போடாத இடத்தில் உங்களைக் காக்க அது போதாது.

என்95 அல்லது அதற்கு நிகரான எஃப்எஃப்பி2 வாங்குங்கள். காது வளையத்தைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை வருவது நல்லது, இறுக்கமாக உட்காரும். கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே, பிடரியில். மேல் பட்டை பின் உச்சந்தலையில். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாதீர்கள், நடுவில் கூர்மையாகி இரு பக்கமும் இடைவெளி விடும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து தொடங்கிப் பக்கவாட்டில் தடவித் தடவி மூக்கின் வளைவுக்குப் படிய வையுங்கள். அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் மாஸ்க் மேல் வைத்து ஒருமுறை நன்றாக மூச்சை விடுங்கள். கண்ணுக்குக் கீழே காற்று படுகிறதா? மூக்குக் கம்பி சரியில்லை. தாடை ஓரம் படுகிறதா? பட்டையைச் சரிசெய்யுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் அது பனிபோல் மங்குவதே போதும், கசிகிறது என்று அர்த்தம்.

இதை ஞாயிறன்று வாசலில் நின்று செய்யாதீர்கள். இன்றைக்கே ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு மணி நேரம் நடமாடுங்கள், பேசுங்கள், குனிந்து நிமிருங்கள். நழுவுகிறது, காது வலிக்கிறது என்றால் வேறு வடிவம் வாங்க இன்னும் நாள் இருக்கிறது.

தனிவழி:

அம்மா நலம்பெற வேண்டும் சகோதரி, மனதார வேண்டிக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2023 மே 5ஆம் தேதியே உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, மாஸ்க், கை கழுவுதல் போன்றவை குறித்த 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பொதுமக்கள் மாஸ்க் போட்டதால் பெரிய வித்தியாசம் எதுவும் அதில் தென்படவில்லை. டென்மார்க்கில் 2020இல் 6,000 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். மாஸ்க் போடச் சொன்னவர்களில் 1.8 சதவீதம் பேருக்குத் தொற்று, சொல்லாதவர்களில் 2.1 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நான் பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை. என் அப்பா கடைசிப் பதினோரு நாளை மருத்துவமனையில் கழித்தார். அந்தப் பதினோரு நாளும் அவர் ஒரு முழு முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒருமுறை என்னை உள்ளே விட்டபோது நான் மேலிருந்து கீழ்வரை மூடியிருந்தேன். "யாரு?" என்று கேட்டார். என்னைப் பார்த்து அவர் கேட்ட கடைசிக் கேள்வி அது. மனிதர்கள் கூடும் இடத்தில் முகம் ஒன்றுமே இல்லை என்பதுபோல் பேசுகிறபோது எனக்குத் தாங்கவில்லை. உங்கள் தங்கை வாழ்நாள் முழுக்கப் பார்க்கப்போகும் படத்தில் உங்கள் முகம் இருக்க வேண்டாமா?

நூலகவாசி:

தனிவழி அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆய்வுகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் அவை பதில் சொல்லும் கேள்வி வேறு. "மாஸ்க் போடுங்கள் என்று ஒரு கூட்டத்திடம் சொன்னால் அந்தக் கூட்டத்தில் நோய் குறைகிறதா?" என்பதுதான் அங்கே கேள்வி. டென்மார்க் ஆய்வில் சொன்னபடி முழுமையாகப் போட்டதாகச் சொன்னவர்கள் 46 சதவீதம்தான். கொடுத்ததும் சர்ஜிக்கல் மாஸ்க், வீட்டுக்கு வெளியே போகும்போது மட்டும். ஆம்பலின் கேள்வி அதுவல்ல. நன்றாகப் பொருந்திய என்95ஐ ஒருவர் மூன்று மணி நேரம் கழற்றாமல் போட்டால் அவர் இழுக்கும் காற்றில் என்ன மாறும் என்பதே அவருடைய கேள்வி.

காக்ரேன் தொகுப்பைப் பற்றி இன்னொன்று. அது வெளிவந்த பிறகு "மாஸ்க் பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று எல்லா இடத்திலும் எழுதினார்கள். 2023 மார்ச்சில் காக்ரேனின் தலைமை ஆசிரியர் கார்லா சோரஸ்-வைசர் அறிக்கை விட்டார். அப்படிப் பொருள்கொள்வது தவறு, முடிவுகள் எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதே உண்மை என்றார்.

வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வையும் பாருங்கள். மாஸ்க் கொடுத்து, விளக்கிச் சொல்லி, நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். போடுபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் ஆனார்கள். பாதிப் பேர்கூடப் போடவில்லை. அப்படியும் சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு உறுதியான தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது, 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த இடங்களில் இப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. இதைப் பெரிய பலன் என்று தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன், ஒன்றுமில்லை என்று தள்ளவும் மாட்டேன்.

"வைரஸ் மாஸ்க் துளையைவிடச் சின்னது, கொசுவை வேலியால் தடுக்க முடியுமா" என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. மாஸ்க் சல்லடை போல வேலை செய்வதில்லை. என்95க்குள் இருப்பது தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் மெல்லிய இழைகள், அவற்றில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருக்கும். பெரிய துகள் நேராகப் போய் இழையில் மோதி நிற்கும். மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்க அலைந்து எங்காவது ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் 0.3 மைக்ரான் அளவுத் துகள்தான் பிடிபட மிகக் கஷ்டம். அதனால்தான் அந்த அளவில் சோதித்து, குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தால் என்95 என்று பெயர் கொடுக்கிறார்கள். அந்த மின்னூட்டம் போய்விட்டால் வடிகட்டும் திறனும் விழுந்துவிடும். ஆகவே சானிடைசர் தெளிப்பது, துவைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

காற்றாளி:

நான் இருபது வருடமாகப் பெரிய கட்டடங்களுக்கு ஏசி போடுகிறவன். எல்லோரும் மாஸ்க்கைப் பற்றியே பேசுகிறீர்கள், அரங்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே!

குளிர்ந்த காற்று வேறு, புதிய காற்று வேறு. சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடும். வெளிக்காற்று ஒரு மூச்சுக்கூட உள்ளே வராது. பெரிய அரங்கங்களில் சென்ட்ரல் ஏசி இருக்கும், அதில் வெளிக்காற்றை எடுக்க, திறந்து மூடும் தகடு ஒன்று இருக்கும், டேம்பர் என்போம். வெளிக்காற்றைக் குளிர்விக்க மின்சாரம் அதிகம் செலவாகும் என்பதால் அதைப் பல இடங்களில் மூடி வைத்துவிடுவார்கள். நானே எத்தனையோ கட்டடங்களில் மூடிக் கிடந்த டேம்பரைத் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த சர்வீசுக்குப் போனால் மறுபடி மூடியிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கண்ணில் தெரியாது என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம்.

கண்ணில் தெரியாததைக் காட்ட ஒரு கருவி இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு மீட்டர். வெளிக்காற்றில் அந்த வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம். அப்படியானால் அரங்குக்குள் 1,200 என்று காட்டினால் என்ன அர்த்தம்? வெளியில் இருப்பதைவிட 780 கூடுதல். அதை 40,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2 சதவீதம். நீங்கள் இழுக்கும் ஐம்பது பங்கு காற்றில் ஒரு பங்கு ஏற்கெனவே இன்னொருவர் நுரையீரலுக்குள் போய்வந்தது. 2,000 காட்டினால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 800க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. 1,500 தாண்டினால் என் குடும்பத்தை அங்கே நெடுநேரம் உட்கார வைக்க மாட்டேன்.

வாங்கினால் அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வேறு சில மலிவான கருவிகளில் பக்கத்தில் யாராவது சென்ட் அடித்தாலே எண் எகிறிவிடும். அப்புறம், ஹெப்பா ஃபில்டர் ஓடும் இடத்தில் காற்று சுத்தமாகும், ஆனால் இந்த எண் குறையாது. ஹெப்பா துகளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அங்கே மீட்டரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆம்பல்:

எல்லோருக்கும் நன்றி. காற்றாளி அண்ணா, அரங்க நிர்வாகியிடம் என்ன கேட்பது என்று சொல்லிக்கொடுங்கள். "காற்றோட்டம் எப்படி" என்று கேட்டால் "ஏசி நன்றாக வேலை செய்யும்மா" என்றுதான் பதில் வரும்.

காற்றாளி:

உங்களுக்கு வரப்போகும் பதிலை அப்படியே சொல்லிவிட்டீர்கள். இப்படிக் கேளுங்கள்: "ஃப்ரெஷ் ஏர் டேம்பர் இருக்கிறதா? ஞாயிறு மாலை அதை முழுக்கத் திறந்து வைக்க முடியுமா? எக்சாஸ்ட் ஃபேன் எங்கே இருக்கிறது? ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட முடியுமா?" நேரில் போய், ஏசி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடமே கேட்பது இன்னும் நல்லது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 மே மாதம் ஓர் இலக்கு வைத்தது: அறையின் காற்றை மணிக்குக் குறைந்தது 5 முறை சுத்தமான காற்றால் மாற்ற வேண்டும் என்று. அந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டாம். டேம்பர் என்ற சொல்லைக் கேட்டதுமே விவரம் தெரிந்து பேசுகிறீர்கள் என்று புரிந்துகொள்வார்.

உயரமான கூரை இருந்தால் கொஞ்சம் ஆறுதல். கதவுப் பக்கம் உட்காருங்கள். ஏசியின் காற்று, கூட்டத்தைத் தாண்டி நேராக உங்கள் முகத்தில் வந்து அடிக்கும் இடத்தில் உட்கார வேண்டாம்.

குழல்:

நான் ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறேன். எங்களுக்கெல்லாம் மறக்க முடியாத ஒரு நாள் 2020 மார்ச் 10. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழு அன்று மாலை இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். கைக்குச் சானிடைசர் போட்டுக்கொண்டார்கள், கட்டிப்பிடிப்பதையும் கைகுலுக்குவதையும் தவிர்த்தார்கள். அவர்களில் 53 பேர் கொரோனாவால் நோய்வாய்ப்பட்டார்கள், இருவர் இறந்துபோனார்கள். அந்த மாதம் 28ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் "இது காற்றில் பரவும் நோய் அல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து, காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கையைச் சானிடைசரால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, மூடிய அறையில் ஒன்றாகப் பாடிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதைக்கிறது.

பாடும்போதும் சத்தமாகப் பேசும்போதும் சும்மா மூச்சுவிடுவதைவிடப் பல மடங்கு துகள்கள் வெளிவரும். வரவேற்பில் இசை ஓங்கி ஒலிக்கும், அதை மீறிக் கேட்க வேண்டும் என்று எல்லோரும் கத்திப் பேசுவார்கள், காதோரம் குனிந்து பேசுவார்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். முடிந்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். இதை யாரும் நோய்த்தடுப்பு என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

செவிவழி:

எனக்குக் காது முக்கால்வாசி கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறேன். எல்லோரும் மாஸ்க் போட்ட அந்த இரண்டு வருடம் கூட்டத்தின் நடுவில் தனித்தீவில் இருந்தேன். கடையிலும் வங்கியிலும் "என்ன சொன்னீங்க" என்று மூன்று முறை கேட்டால் எரிச்சல்படுவார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

இதை ஆம்பலைத் தடுக்கச் சொல்லவில்லை. நீங்கள் போடத்தான் வேண்டும். ஆனால் அந்த 600 பேரில் என்னைப்போல் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களிடம் பேசும்போது மாஸ்க்கைக் கீழே இழுக்காதீர்கள். கையைப் பிடித்து வெளியே, திறந்த இடத்துக்குக் கூட்டிப்போய் அங்கே கழற்றிவிட்டுப் பேசுங்கள். அல்லது போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதியைத் திறந்து நீட்டுங்கள். என் தோழி ஒருத்தி அப்படித்தான் செய்வாள். நானும் முழுசாகப் புரிந்துகொள்வேன், அவளுக்கும் பயமில்லை.

இரவுப்பணி:

செவிவழி, இதை நான் என் வார்டில் இருக்கிறவர்களுக்கும் படித்துக் காட்டப்போகிறேன். நன்றி.

தனிவழி ஐயா, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்தப் பக்கம் மூடிக்கொண்டு நின்றவள். எங்கள் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே போனவர்கள் நிறையப் பேர். ஒரு கட்டத்துக்குப் பிறகு நாங்கள் சிரித்த முகத்தோடு இருக்கும் எங்கள் படத்தை அச்சடித்து அங்கியின் மேல் ஒட்டிக்கொண்டோம். ஒரு பாட்டி என் படத்தை விரலால் தொட்டு, "இதுதான் நீயா" என்று கேட்டார். அதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. அதற்காக வருந்துகிறேன் ஐயா, நிஜமாகவே.

தனிவழி:

நன்றி அம்மா. இதை என் மனைவியிடம் காட்டினேன்.

நான் சொன்னதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். ஆம்பல் போட வேண்டாம் என்பது என் கருத்தல்ல, அவர் வீட்டு நிலைமைக்குப் போடுவதுதான் சரி. மற்ற 599 பேரையும் போடச் சொல்ல வேண்டும் என்று யாராவது கிளம்பினால் அதை ஏற்க மாட்டேன். என் பிள்ளைகளின் ஆசிரியர் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டும். அதில் நான் நகரப்போவதில்லை.

மரப்பாச்சி:

ஒரு சந்தேகம். சாப்பிடும்போது எப்படியும் கழற்றத்தானே வேண்டும்? அப்படியென்றால் அதற்கு முன்னால் போட்டதெல்லாம் வீண்தானே?

நூலகவாசி:

வீண் இல்லை. எவ்வளவு துகள் உள்ளே போகிறது என்பது, காற்றில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு நேரம் இழுக்கிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது. பணியிடப் பாதுகாப்பு விதிகளில், அளவு பார்த்துப் பொருத்திய என்95க்குக் கொடுக்கும் காப்பு எண் 10. உள்ளே வரும் காற்று வெளியில் இருப்பதைவிடப் பத்து மடங்கு சுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரமும் போட்டிருந்தால் 18 நிமிடம் போடாமல் இருந்ததற்குச் சமம். நடுவில் 15 நிமிடம் கழற்றினால் கணக்கு ஏறக்குறைய 32 நிமிடம் ஆகும். மூன்று மணி நேரம் என்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பாருங்கள், மொத்தத்தில் பாதி அந்தக் கால்மணி நேரத்தில்தான் சேர்கிறது. அதனால் கழற்றுவதை எங்கே, எப்போது என்று தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவது எளிது. இல்லையென்றால் கூட்டம் சேரும் முன் முதல் பந்தியிலேயே முடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மரப்பாச்சி:

புரிந்தது. படம் எடுக்கவும் அதே கணக்குதானே. வெளியில் நின்று எடுத்துக்கொள்ளலாமே.

ஆம்பல்:

அதைத்தான் இப்போது தங்கையிடம் போனில் பேசினேன்! வரவேற்பு தொடங்கும் முன், வாசலுக்கு வெளியே மாடிப்படியில் நின்று நாங்கள் இருவர் மட்டும் முதல் படம் எடுத்துக்கொள்கிறோம். அவளே "அக்கா, நீ மாஸ்க் போட்டு வா, வராமல் மட்டும் இருந்துவிடாதே" என்றாள். அத்தையிடம் நானாக இன்னும் எதுவும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒரே வரிதான். விளக்கம் கொடுத்து வாதாடப்போவதில்லை. போய்வந்து எழுதுகிறேன்.

ஆம்பல்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், காரணம் கீழே.

சனிக்கிழமையே அரங்கத்துக்குப் போய் ஏசி பார்க்கும் பெரியவரிடம் கேட்டேன். டேம்பர் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கால்வாசிதான் திறந்திருந்தது. முழுக்கத் திறந்தால் குளிர் குறையும், நிர்வாகத்தில் கேட்பார்கள் என்றார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை, ஞாயிறு மாலை நான் போனபோது பாதிக்கு மேல் திறந்து வைத்திருந்தார். பின்பக்கத்து இரண்டு கதவும் திறந்திருந்தன.

அலுவலக நண்பர் ஒருவரிடம் மீட்டர் இரவல் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். உள்ளே நுழைந்தபோது 640. ஒரு மணி நேரத்தில் 1,150. கூட்டம் உச்சத்தில் இருந்தபோது மேடைப் பக்கம் 1,870. அதே நேரத்தில் பின்கதவுப் பக்கம் 980. ஒரே அரங்கத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதற்கப்புறம் பின்கதவுப் பக்கமே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். என்னைப் பார்க்க வேண்டியவர்கள் அங்கே வந்து பேசினார்கள்.

கேட்டவர்கள் நான்கைந்து பேர்தான். அந்த ஒரு வரியைச் சொன்னதும் எல்லோரும் "அம்மா எப்படி இருக்கிறார்" என்றுதான் கேட்டார்கள். கூடுதலாக இரண்டு மாஸ்க் எடுத்துப் போயிருந்தேன். பெரியப்பா மகன் தயங்கித் தயங்கி வந்து ஒன்றை வாங்கிப் போனான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். போட நினைத்தவளுக்கு, தனியாகப் போட்டுக்கொண்டு நிற்கக் கூச்சமாம். அத்தை கடைசிவரை என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒரு தவறும் நடந்தது. குடும்பப் படத்துக்காக மேடை ஏறியபோது மாஸ்க்கைக் கழற்றினேன். இரண்டு நிமிடம் என்று நினைத்தேன். ஒவ்வொருவராக வந்து நிற்க, இருபது நிமிடம் ஆகிவிட்டது. 1,870 காட்டிய அதே மேடை. இறங்கியதும் கை நடுங்கிற்று.

அதனால் வீட்டுக்கு வந்து ஐந்து நாள் அம்மாவின் அறைக்குள் மாஸ்க் இல்லாமல் போகவில்லை. தனி அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தேன். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் ரேபிட் டெஸ்ட், இரண்டிலும் நெகட்டிவ். மூன்றாம் நாளில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்று இரவுப்பணி அக்கா தனிச்செய்தியில் சொன்னது உதவியது. நான்காம் நாளிலிருந்து சொந்தங்களில் ஏழு பேருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது, அதில் மூவருக்குக் கொரோனா. மேடையில் என் பக்கத்தில் நின்ற மாமாவும் அந்த மூவரில் ஒருவர். மாஸ்க்தான் என்னைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே வந்த பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. நேற்று ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் ஏறியிருக்கின்றன. மூன்றாவது சுற்று குறித்த தேதியிலேயே நடக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இரவுப்பணி:

இந்தச் செய்திக்காகத்தான் தினமும் இங்கே வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருபது நிமிடத்தை நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

தனிவழி:

நல்ல செய்தி சகோதரி. படிக்கட்டில் எடுத்த படத்தை அம்மாவுக்குக் காட்டினீர்களா?

ஆம்பல்:

அச்சடித்து அவள் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன் அண்ணா. மாஸ்க்கோடு அறைக்குள் போய்வந்த ஐந்து நாளும், நீங்கள் எழுதியதுதான் நினைவில் இருந்தது.

வெள்ளோட்டம்:

முழு உரையாடலையும் படித்துவிட்டு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டு நாள் மாநாடு, மூடிய அரங்கம், 400 பேர். வீட்டில் மாமனாருக்குச் சிறுநீரக மாற்று சிகிச்சை முடிந்து எட்டு மாதம், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையில் இருக்கிறார். என்95 வாங்கிவிட்டேன். எனக்குத் தாடி உண்டு. அப்படியே போட்டால் ஆகுமா?

இரவுப்பணி:

ஆகாது தம்பி. மாஸ்க்கின் விளிம்பு தோலைத் தொட வேண்டும், முடியைத் தொட்டால் அந்த வழியெல்லாம் காற்று புகும். மாஸ்க்கைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று, விளிம்பு எங்கே உட்காருகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கன்னத்திலும் தாடைக்குக் கீழேயும் அந்தக் கோட்டில் முடி இருக்கக் கூடாது. விளிம்புக்குள் அடங்கும் மீசையும் முகவாயில் சின்னத் தாடியும் இருக்கலாம். வியாழன் இரவு வேண்டாம், வெள்ளி காலை மழியுங்கள். ஒருநாள் முளைத்த முடிகூட இடைவெளி விடும்.

வெள்ளோட்டம்:

சரிங்க அக்கா. வெள்ளி காலை மழித்துவிட்டு, நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு கையையும் வைத்து ஊதிப் பார்க்கிறேன்.